பாப்பம்மா இடம் மாற்றிய வளையவால் பூனை

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். கலஹாத் தோட்டத்திலிருந்து வெறுங்கையோடு இறங்கி வந்து, இன்று கண்டியில் அறுபது பேரை வைத்துத் துப்புரவு ஒப்பந்தம், எங்கள் பேச்சில் கொந்தராத்து, நடத்துகிறேன். யாரையும் முழுசாக நம்பாததுதான் நான் போட்ட முதல். பாப்பம்மாவையும் நம்பவில்லை.

அவள் தெல்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் குச்சி பொறுக்கியவள். மேசையில் கொட்டிய தேயிலையில் காம்பு எது, இலை எது என்று கண் இமைப்பதற்குள் பிரித்துவிடுவாள். எழுத்து மட்டும் தெரியாது. தொழிற்சாலையை மூடினார்கள், புருஷனும் போய்ச் சேர்ந்தான். அம்பிட்டியவில் ஒரு கல்லூரியின் விலங்குக் காட்சியறையைத் துடைக்க நான்தான் அவளை வைத்தேன். அந்த வேலைதான் அவளுக்குச் சோறு.

ஒரு திங்கட்கிழமை பார்வையிடப் போனேன். பூனைக் குடும்பத்து மிருகங்களை வைத்த அலுமாரியில் ஓர் இடம் வெறுமையாக இருந்தது. வாலில் கறுப்பும் வெள்ளையுமாக வளையம் போட்ட, பாடம் செய்த வெளிநாட்டு மிருகம் ஒன்று அங்கே நிற்கும். அங்குள்ள எல்லா மிருகத்துக்கும் போல, பக்கத்தில் அதன் மண்டையோடும் இருக்கும். இரண்டையும் காணோம். 'வளையவால் பூனை' என்ற அட்டை மட்டும் கிடந்தது. சாவி இருப்பது இரண்டே பேரிடம்: ஆசிரியை சுகிர்தா, பாப்பம்மா.

"எங்க வித்த?" என்றேன்.

"விக்கலங்க மொதலாளி. தப்பான எடத்துல இருந்துச்சு, மாத்தி வச்சேன்."

ஓர் அலுமாரி தள்ளி, அதேபோல வாலில் வளையம் போட்ட ரக்கூன் என்ற அமெரிக்க மிருகத்துக்குப் பக்கத்தில், மண்டையோட்டோடு அது நின்றது.

"வால்ல வளையம் இருந்தா சொந்தமா? அப்ப புலியையும் தூக்கிட்டு வா."

"வால நான் பாக்கல. மண்டையோட்டுல பல்லப் பாத்தேன். தூசி தட்டுறப்ப எண்ணுனேன். பூனைக்கு முப்பது. இதுக்கு நாப்பது. ரக்கூனுக்கும் நாப்பது."

"பூனைன்னு அட்டையில போட்டிருக்கே!"

"அட்டை எனக்கு என்னா தெரியும்? பல்லுதான் தெரியும்."

பிடிபட்டதும் கட்டிய கதை என்றே நினைத்தேன். சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டேன். "டீச்சர் வரட்டும். பொய்யின்னா இன்னைக்கோட வேலை முடிஞ்சுது."

அவள் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த மண்டையோட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். அந்தத் துணிச்சலும் எனக்குச் சந்தேகமாகவே பட்டது. மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானே எண்ணினேன். நாற்பது. மறுபடியும் எண்ணினேன். அதே நாற்பது.

சுகிர்தா வந்து புத்தகத்தைப் புரட்டினாள். முகம் சிவந்துவிட்டது.

"பேருதான் பூனை, அங்கிள். குடும்பம் ரக்கூன் குடும்பம். யாரோ அந்தக் காலத்துல பேரப் பாத்து வச்சிருக்காங்க. நாங்களும் அட்டையையே நம்பிட்டோம். பாப்பம்மாக்கா செஞ்சதுதான் சரி."

படித்தவர்கள் காணாததைக் கண்டவளை வேலைக்கு எடுத்தவன் யார்? நான்தான். அதையும் அங்கேயே சொன்னேன். சாவியைத் திருப்பிக் கொடுத்து, "இனிமே கேக்காம ஒண்ணையும் நகத்தக் கூடாது" என்றேன்.

"அப்ப இப்பவே கேட்டுர்றேங்க" என்றாள். "நாய் அலுமாரியில ஒரு மரநாய் நிக்குது. நாய்க்கு நாப்பத்தி ரெண்டு பல்லு. அதுக்கு ரெண்டு கொறையுது."

சுகிர்தா மறுபடி புத்தகத்தை எடுத்தாள். நான் புத்தகத்தையும் நம்புவதில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நாய் அலுமாரிக்கு நடந்தேன்.