கடற்பனிக்குள் ஒரு வகுப்பு: யூட்லாந்தின் மேற்குக் கரையில் இரண்டு நாள்

டென்மார்க்கின் பிரெடெரிசியா நகரில் சனிக்கிழமைகளில் நடக்கும் தமிழ் வகுப்பில் எனக்குப் பதினான்கு பிள்ளைகள். கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயது, மூத்தவளுக்குப் பதினொன்று. அறை ஒன்று, ஆசிரியை ஒருத்தி. அகரம் எழுதுகிற பிள்ளையைக் கவனிக்கும்போது கட்டுரை எழுதுகிற பிள்ளை யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருக்கும். இந்த வருடம் இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்திவிட்டன. வகுப்பை நடத்தும் சங்கத்தின் செயலாளர் தவம் அண்ணை என்னைக் கூப்பிட்டு, "எல்லாரையும் ஒரு அறையில வைச்சு என்னெண்டு படிப்பிக்கிறது தங்கச்சி? வேற வழி பாப்பம்" என்றார். வேறு வழி என்றால் சின்னவர்களின் வகுப்பை மூடுவது என்று எனக்கு விளங்கியது.

டென்மார்க்கின் கிராமப்புறங்களில் நான்கு வகுப்புகளை ஒன்றாக இருத்திப் படிப்பிக்கும் சின்னப் பாடசாலைகள் இன்னும் சில இருக்கின்றன. ஏழு இடங்களுக்கு எழுதினேன். மூன்று பதில் வந்தது, ஒன்று வரச் சொன்னது. போன ஏப்ரல் கடைசியில் ஒரு வியாழனும் வெள்ளியும் போய்வந்தேன். என் மகள் ஆரணியின் பள்ளியில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி என்று அந்த இரண்டு நாளும் விடுமுறை. கணவருக்குத் தொழிற்சாலையில் பகல் வேலை. ஆகவே எட்டு வயதுக்காரியும் என்னோடு வந்தாள். நடந்ததை எல்லாம் எழுதப்போவதால் ஊரின் பெயரைத் தவிர்க்கிறேன். ரீபேக்குத் தெற்கே, கடல் அணைக்குப் பின்னால் உள்ள சதுப்பு நிலத்தில் இருக்கிறது என்பது போதும். டேனிஷில் நடந்த பேச்சுகளை எங்கள் பேச்சிலேயே தருகிறேன்.

பிரெடெரிசியாவிலிருந்து காலை 6.50க்கு ரயில். பிரம்மிங்கில் மாறி ரீபேயில் இறங்கும்போது 8.30. எனக்கு 136 குரோனர். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளை பெரியவரோடு போனால் இலவசம். ரீபேயிலிருந்து அந்த ஊருக்கு, பள்ளி நாட்களில் விடியவும் பின்னேரமும் ஒவ்வொரு பேருந்துதான். விடியற்காலைப் பேருந்தை எங்கள் ரயிலால் பிடிக்க முடியாது. முதல் நாளே ஃப்ளெக்ஸ்டூர் பதிவு செய்திருந்தேன். பலர் பகிர்ந்துகொள்கிற, அரச போக்குவரத்தில் சேர்ந்த வாடகை வண்டி அது. 27 கிலோமீற்றர், 184 குரோனர்.

சாரதி அறுபது வயது மதிக்கத்தக்க பெண். ஏன் போகிறோம் என்று கேட்டார். பாடசாலை பார்க்க என்றேன்.

"கொமூனில இருந்தோ?" கொமூன் என்றால் உள்ளூராட்சிச் சபை.

"இல்லை. நானும் ஒரு ஆசிரியைதான்."

கண்ணாடியில் என்னை இன்னொரு தரம் பார்த்தார். "போன வருசமும் ரெண்டு பேர் பாக்க வந்தவை. பிறகுதான் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தை மூடினவை" என்றார்.

பாடசாலை வாசலிலும் அதே சந்தேகப் பார்வைதான். பிள்ளைகளை இறக்கிவிட வந்த இரண்டு தாய்மார் என் கையில் இருந்த குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வணக்கம் சொன்னேன், தலையை ஆட்டினார்கள். ஆசிரியை மெட்டே வந்து, "இவ தமிழ்ப் பள்ளிக்கூடத்து ரீச்சர், என்னட்டை வித்தை களவெடுக்க வந்திருக்கிறா" என்று சொன்ன பிறகுதான் ஒருத்தி சிரித்தாள்.

மெட்டேக்கு ஐம்பத்தெட்டு வயது. தொடக்க வகுப்பிலிருந்து மூன்றாம் வகுப்புவரை பதினொரு பிள்ளைகள் அவரிடம். முதல் நாள் நான் பின்வரிசையில் இருந்து எழுதிக்கொண்டே இருந்தேன். ஒருவரும் சும்மா இருக்கவில்லை, அவரும் ஓடித் திரியவில்லை. சந்தேகம் வந்தால் முதலில் பக்கத்திலுள்ள இரண்டு பேரைக் கேட்க வேண்டும், அவர்களுக்கும் தெரியாவிட்டால்தான் அவரிடம் போகலாம். ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் ஒரு பெரிய பிள்ளை சோடி. ஆரணியை ஈடா என்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளையோடு விட்டார். ஈடாவுக்கு ஒன்பது வயது, மெலிந்த பிள்ளை, கதை குறைவு. அன்று பின்னேரம் ஆரணி அவளோடு செம்மறிக் குட்டிகளைப் பார்க்கப் போய்விட்டாள். நாங்கள் ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். அறைக்குக் காலைச் சாப்பாட்டோடு 475 குரோனர்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கடல் மண்ணில் வகுப்பு. இந்தக் கரையில் வற்றும்போது தண்ணீர் பல கிலோமீற்றர் பின்னுக்குப் போய்விடும், ஈரமான சாம்பல் நிறத் தரைதான் மிஞ்சும். அன்று தண்ணீர் ஆகக் கீழே இறங்கி நிற்கும் அடி வற்று 10.20. மெட்டே, யென்ஸ் என்கிற ஆடு வளர்க்கும் ஒரு தகப்பன், நான், பன்னிரண்டு பிள்ளைகள். அணையிலிருந்து நானூறு மீற்றருக்கு அப்பால் போவதில்லை என்பது அவர்களின் கட்டுப்பாடு. பிள்ளைகளின் கழுத்தில் விசில் தொங்கியது. ஆரணிக்கு மட்டும் விசில் இல்லை, அவள் விருந்தாளி. வழியில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நிற்கிற ஒரு வாய்க்காலைக் கடந்தோம். பன்னிரண்டு மணிக்கு முதல் இதைத் திரும்பக் கடந்துவிட வேண்டும் என்று யென்ஸ் சொன்னார். நல்ல வெயில். நான் மேற்சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டியிருந்தேன்.

11.05க்கு மெட்டே நிமிர்ந்து மேற்கே பார்த்தார். நானும் பார்த்தேன். அடிவானம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு சுவர். கடல் குளிராகவும் காற்று சூடாகவும் இருக்கிற வசந்த நாட்களில் இந்தப் பனிமூட்டம் வரும். வானிலை அறிக்கையில் அது இருக்கவில்லை. மெட்டே மூன்று தரம் விசில் ஊதினார். பிள்ளைகள் மண்வெட்டிகளைப் போட்டுவிட்டு ஓடிவந்து முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்தார்கள். ஈடாவும் ஆரணியும் வாளி கழுவவென்று கொஞ்சம் தள்ளியிருந்த குட்டைக்குப் போயிருந்தார்கள். அவர்கள் எங்களை நோக்கித் திரும்பியதைக் கண்டேன். ஆரணியின் சிவப்புச் சட்டையைக் கண்டேன். பிறகு காணவில்லை. என் கையை நீட்டினால் விரல் நுனி மங்கலாகத் தெரிந்தது.

கயிற்றைப் பிடித்த பிள்ளைகள் எண்ணிக்கைக்காக ஒவ்வொருவராகத் தங்கள் இலக்கங்களைச் சொன்னார்கள். பத்து.

மெட்டேயின் குரல் மாறவில்லை. "யென்ஸ், பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு போ. திசைகாட்டியைப் பாத்து நேர கிழக்க. நடக்கேக்கையே அவசர உதவிக்கு 112க்கு அடி." கயிறு நகர்ந்து பனிக்குள் போனது. ஒரு பிள்ளையும் அழவில்லை.

நான் கூப்பிடத் தொடங்கினேன். "ஆரணி. ஆரணி, அம்மா இஞ்ச நிக்கிறன், இஞ்ச வா." இடது பக்கமாக அவள் குரல் கேட்டது. "மோர்." டேனிஷில் அம்மா. நான் இன்னும் உரத்துக் கூப்பிட்டேன். இந்த முறை குரல் இன்னும் இடது பக்கமாக, தூரமாக வந்தது.

மெட்டே என் மணிக்கட்டைப் பிடித்தார். "கூப்பிடாதேங்கோ."

"என்ரை பிள்ளை அங்க..."

"ஓம். நீங்கள் கூப்பிடக் கூப்பிட அவள் நடக்கிறாள். பனிக்குள்ள சத்தம் எங்கயிருந்து வருதெண்டு பிள்ளைக்குத் தெரியாது. அவள் கடலுக்குள்ள நடக்கிறாள். வாயை மூடுங்கோ."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிக் கதைத்ததில்லை. நான் வாயை மூடினேன். அவள் இன்னும் இரண்டு தரம் கூப்பிட்டாள். நான் பதில் சொல்லவில்லை. மேற்சட்டையின் கையை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு சின்ன வீறிடல், அதோடு அவள் சத்தம் நின்றுவிட்டது.

மெட்டே ஒரு தரம் விசிலைச் சுருக்கமாக ஊதினார். காத்திருந்தோம். எங்கோ வடக்கே இருந்து ஒரு விசில் பதில் வந்தது. "ஈடா" என்றார். ஒரு நிமிடத்தில் இன்னொரு தரம் ஊதினார். பதில் அதே இடத்திலிருந்து வந்தது. "நல்ல பிள்ளை. அசையேல்லை."

அவரிடம் அறுபது மீற்றர் கயிறு ஒன்று தனியாக இருந்தது. ஒரு நுனியை என் இடுப்பில் கட்டினார். "நீங்கள்தான் நான் கயிறு கட்டின கட்டை. நீங்கள் அசைஞ்சா நான் திரும்பி வர ஏலாது. என்ன கேட்டாலும் அசையாதேங்கோ. கண்டா ரெண்டு தரம் இழுப்பன்." அப்படிச் சொல்லிவிட்டுத் தன் திசைகாட்டியைப் பார்த்து வடக்கே நடந்தார். நான்கு அடியில் மறைந்தார்.

கயிறு என் கையால் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு விறைத்து, மெல்ல மெல்ல வலது பக்கமாகத் திரும்பியது. அவர் கயிற்றின் நுனியில் நின்று வளையமாகத் தேடுகிறார் என்று விளங்கியது. என் சப்பாத்தைச் சுற்றி, சத்தமே இல்லாமல், தண்ணீர் வந்தது. முதலில் மண்ணின் வரிகளுக்குள் மட்டும். பிறகு வரிகளும் தெரியவில்லை. கைத்தொலைபேசியில் 11.29. கயிறு தளர்ந்தது. மெட்டே திரும்பி வந்தார், தனியாக. என் தோளில் கை வைத்து என்னை இருபது அடி முன்னுக்கு நடத்தி நிறுத்தினார். விசில் ஊதினார். பதில் வந்தது. இந்த முறை கிட்டத்தில். திரும்பவும் போனார்.

கணுக்கால்வரை தண்ணீர். ஓட வேண்டும் என்று கால் துடித்தது. அந்த நேரம் நான் சாமி கும்பிட்டேன் என்று எழுத ஆசைதான், ஆனால் நான் கும்பிடவில்லை. அசையாதே, அசையாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன். 11.41க்குக் கயிறு இரண்டு தரம் இழுபட்டது.

மெட்டே பனிக்குள்ளிருந்து வந்தபோது இரண்டு கையிலும் இரண்டு பிள்ளைகள். ஆரணியின் சட்டைக் கை தோளோடு கிழிந்திருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் என் இடுப்பில் முகத்தை வைத்தாள். கிழக்கே நடந்து வாய்க்காலைக் கடக்கும்போது தண்ணீர் என் தொடைக்கு வந்தது. ஆரணியை நான் தூக்கினேன், ஈடாவை மெட்டே தூக்கினார். அணையின் புல்லை மிதித்தபோது யென்ஸ் கூப்பிட்ட மீட்பு வண்டியின் சைரன் ஊருக்குள் கேட்டுக்கொண்டிருந்தது. வந்தவர்கள் கம்பளி தந்தார்கள், பிள்ளைகளின் கைகால்களைப் பார்த்தார்கள். ஈடாவின் மணிக்கட்டில் பல் அடையாளம், இரண்டு வரிசையாக, நல்ல சிவப்பாக.

"நாய் கடிச்சதோ?" என்று அவர்களில் ஒருவர் கேட்டார்.

"இல்லை" என்றாள் ஈடா. "இவ கடிச்சவ. இவ ஓடப் பாத்தவ, நான் இவவின்ரை காலுக்கு மேல இருந்திட்டன்."

உடுப்பு மாற்றி, சூடான கொக்கோ குடித்து, ஒன்றேகாலுக்கு எல்லோரும் வகுப்பில் இருந்தோம். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். மெட்டே பெற்றோருக்கு அறிவித்துவிட்டு, வந்து நிற்பவர்களையும் பின்னால் இருக்கச் சொன்னார். தொடக்க வகுப்பு, நடந்ததைப் படமாகக் கீறியது. முதலாம் வகுப்புக்கு ஒரு வசனம். இரண்டாம் வகுப்புக்கு மூன்று வசனம். மூன்றாம் வகுப்பு, அடுத்த முறைக்கு ஒரு விதி எழுத வேண்டும். நான் தேடிவந்த பாடம் இதுதான். ஒரே சம்பவம், நான்கு வகுப்பு, யாரும் யன்னலைப் பார்க்கவில்லை.

ஆரணி இரண்டாம் வகுப்பு மேசையில் இருந்து டேனிஷில் மூன்று வசனம் எழுதினாள்: அம்மா கூப்பிட்டார். ஈடா விடவில்லை. நான் கடித்தேன்.

ஈடா தன் விதியை எழுந்து நின்று வாசித்தாள். "விருந்தாளி வந்தால் முதலில் விருந்தாளியின் அம்மாவுக்குப் படிப்பிக்க வேண்டும்."

பின்னால் நின்ற தாய்மாரில் ஒருத்தி வாயைப் பொத்தினாள். மெட்டே அதைப் பலகையில் எழுதிவிட்டு, "அது என்ரை பிழை. பனி வந்தா நிண்ட இடத்தில நிக்கோணும், கூப்பிடக்கூடாதெண்டு காலமை நான் சொல்லியிருக்க வேணும். விசிலும் குடுத்திருக்க வேணும்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். நான் எழும்பி ஈடாவின் தாயிடம் போனேன். ஆரணி கடித்ததற்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் மகளின் கையைத் திருப்பிப் பார்த்து, "நல்ல பலமான பல்லு" என்றார். பின்னேரம் எங்களை ரீபே ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டதும் அவர்தான். திரும்பி வரப் பதிவு செய்திருந்த ஃப்ளெக்ஸ்டூரை ரத்துச் செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை என் வகுப்பிலும் ஒரே கதை, வேறு வேறு வேலை என்று செய்து பார்த்தேன். பாதி சரிவந்தது. தவம் அண்ணை கோடை விடுமுறைவரை பார்ப்போம் என்றிருக்கிறார்.

இப்படி ஒரு பாடசாலையைப் பார்க்க விரும்புபவர்களுக்குச் சில வார்த்தைகள். ஒரு மாதத்துக்கு முதலே எழுதுங்கள், யார் நீங்கள், ஏன் வருகிறீர்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மூடிவிடுவார்கள் என்ற பயத்தில் இருக்கிற ஊர்கள் இவை. பிள்ளைகளைப் படம் எடுக்க வேண்டாம். ஃப்ளெக்ஸ்டூரை முதல் நாளே பதிவு செய்யுங்கள். நேரங்களும் விலைகளும் மாறும், புறப்பட முதல் பாருங்கள். ரப்பர் சப்பாத்து, கம்பளிக் காலுறை, மாற்று உடுப்பு இரண்டு சோடி. கடல் மண்ணில் வழி தெரிந்தவர் இல்லாமல் கால் வைக்காதீர்கள், அன்றைய வற்று நேரத்தை நீங்களும் எழுதி வைத்திருங்கள்.

பிள்ளையோடு போனால், கடல் மண்ணில் இறங்க முதல் பிள்ளைக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதை நான் ரயிலில்தான் கற்றேன். பிரம்மிங்கில் மாறி ஏறிய பிறகு ஆரணி முதல் தரம் அதைப் பற்றிக் கதைத்தாள். டேனிஷில்தான்.

"முதல் கூப்பிட்டீங்கள். பிறகு ஏன் நிப்பாட்டினீங்கள்? நீங்கள் போயிட்டீங்கள் எண்டு நினைச்சன்."

"போகேல்லை. அங்கயே நிண்டனான். நான் கூப்பிட்டா நீ நடப்பாய் எண்டு மெட்டே சொன்னவ."

அவள் மடியில் இருந்த சிவப்புச் சட்டையின் கிழிந்த கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஓம், நடந்திருப்பன்" என்றாள்.

ஆகவே பிள்ளைக்குச் சொல்லிவையுங்கள்: என் சத்தம் கேட்காவிட்டாலும் நான் நின்ற இடத்திலேயே நிற்பேன், நீயும் நில். பிறகு அதே மாதிரி நிற்க உங்களால் முடியுமா என்று யோசித்துப் பாருங்கள்.