துண்டு போட்ட இடம்

கப்பலில் சுற்றுலா போகலாம் என்று ஒரு மாதமாகச் சொல்லிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அசைந்து கொடுக்கவில்லை. “அங்க பெரிய எடத்து ஆளுகல்லா வருவாக. நமக்கு ஒட்டாது” என்றார். நான் மட்டும் தனியாகப் போகிறேன் என்று மிரட்டிய பிறகுதான் சட்டையை மாட்டிக்கொண்டு டிக்கெட் விசாரிக்கக் கிளம்பினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் ராஜபாளையம் வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் தோள்துண்டை வீசி இரண்டு சீட்டைப் பிடித்துவிட்டார். அந்த வித்தையில் அவரை அடிக்க ஆள் கிடையாது.

ராஜபாளையத்தில் டிராவல்ஸ்காரப் பெண் கம்ப்யூட்டரில் படம் படமாகக் காட்டினாள். கடல் தெரிகிற அறைக்கு “ம்” என்றார். விதவிதமான சாப்பாட்டுக்கு, “வயித்துக்குச் சேருமா?” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசியாக அந்தப் பெண் கப்பலின் விதிமுறைகளை வாசித்தாள். “நீச்சல் குளத்துப் பக்கம் இருக்குற சாய்வு நாற்காலியில துண்டு போட்டு எடம் பிடிக்கக் கூடாது.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “இன்னொரு தடவ வாசிங்கம்மா.”

வாசித்தாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“அப்ப கப்பல் பூரா நம்மாளுகதானா! ரெண்டு பேருக்கும் போட்டுருங்கம்மா.”

படியிறங்கும்போது என் காதருகே குனிந்து கேட்டார்: “துண்டுதான கூடாதுங்காக? கர்ச்சீப் போடலாம்லா?”