நிறுத்து என்று கை காட்டினார்

பேஸ் கிடார் வாங்கப் போகிறேன், எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் முதலில் ஸ்பீக்கரைப் பற்றித்தான் பேசுவேன். கிடாரில் எந்தக் கம்பெனி பெயர் எழுதியிருந்தால் என்ன? தெருக் கம்பத்தில் கட்டுகிற கோன் ஸ்பீக்கரை நம்பினால் எந்த பேஸும் ஊமைதான். கோனில் பாடகர் குரல் கேட்கும், புல்லாங்குழல் கேட்கும். அடியில் ஓடுகிற சத்தம் மட்டும் வரவே வராது. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஆஸ்டின் டவுனில் இருந்தோம். பகலில் எனக்கு கார்மென்ட்ஸில் தையல் வேலை, சனி ஞாயிறு சாயங்காலம் சினிமாப் பாட்டு ஆர்கெஸ்ட்ரா. கிடார் என் அண்ணனுடையது. துபாய்க்குப் போகும்போது கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுப் போனான், நான் எடுத்துக்கொண்டேன். அனுமதி எல்லாம் கேட்கவில்லை. பொம்பளைப் பிள்ளைக்கு வீணை போதாதா என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். வாங்கித் தருகிறீர்களா என்று கேட்டேன். அதற்கப்புறம் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

புதுக் கம்பி வாங்க முடியாதபோது பழையதைக் கழற்றி, ஒரு குண்டானில் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்க விடுவேன். அழுக்கும் விரல் பிசுக்கும் கழன்று கொஞ்ச நாளைக்கு நன்றாகப் பேசும். ஈரம் போகத் துடைத்து மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். அம்மா அந்தக் குண்டானில் அதற்கப்புறம் சோறு வடிக்கவே இல்லை, திட்டுவதையும் விடவில்லை. தோளில் மாட்டுகிற வார் அகலமாக இருக்கட்டும், மெல்லிய வார் மூன்றாவது பாட்டிலேயே தோளை அறுத்துவிடும். தெரிந்ததையெல்லாம் வாசித்துக் காட்டாதீர்கள். ஒரு சத்தத்தை எங்கே முடிப்பது என்பதும் வாசிப்புதான்.

எங்கள் ஆர்கெஸ்ட்ராவை நடத்தியவர் மேடையில் அறிவிப்பாளராகவும் இருந்தார். அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் புதுக் கீபோர்டு ஒன்று வந்து இறங்கியது. கீபோர்டு வாசிக்கிற தம்பியின் இடது கையே பேஸையும் கொடுத்துவிடும் என்று அண்ணா கண்டுபிடித்துவிட்டார்.

"நீ வாசிக்கறது யாருக்கும் கேக்கறதே இல்லம்மா. பட்டுச் சேலை கட்டிக்கினு கோரஸ்ல சும்னே நில்லு. ஸ்டேஜுக்கு அழகா இருக்கும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்காதது என் தப்பா, அவர் கட்டுகிற கோனின் தப்பா? வீட்டில் பழகுவதற்கு நான் வைத்திருந்த ஸ்பீக்கர் பாக்ஸைக் கொண்டுவருகிறேன், ஒரே ஒரு ப்ரோக்ராம் வாசிக்கிறேன், அப்போதும் வித்தியாசம் தெரியாவிட்டால் நீங்கள் சொன்ன சேலையைக் கட்டுகிறேன் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சரி என்றார். சேலையைக் கட்டிவிட்டால் கிடார் திரும்பக் கட்டிலுக்கு அடியில்தான் என்று எனக்குத் தெரியும்.

ஜோகுபாளையத்தில் பிள்ளையார் பந்தல். நானும் அம்மாவும் பாக்ஸை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். பலகை மேடையில் பாக்ஸை அப்படியே வைத்தால் பலகையும் சேர்ந்து அதிர்ந்து சத்தம் குழம்பும். அதனால் பந்தல் ஓரத்தில் கிடந்த நாலு செங்கல்லை எடுத்துக் கீழே கொடுத்து, முகத்தை ஜனங்கள் பக்கம் திருப்பி வைத்தேன். மைக்செட்காரரின் வயர் எதுவும் அதில் இல்லை. அதன் சத்தம் முழுக்க என் கையில் இருந்தது.

நாலு பாட்டு நன்றாகப் போயிற்று. ஐந்தாவதில் பாடின பெண்ணுக்குத் தொண்டை சரியில்லை, சுருதியை அரைக் கட்டை இறக்கச் சொன்னாள். எனக்கு அது கிடாரில் ஒரு கட்டம் தள்ளி விரல் வைக்கிற வேலை. கீபோர்டில் அதற்கு ஒரு பொத்தான் உண்டு. தம்பி அமுக்கினான். பாட்டு முடிந்தது. அமுக்கினதைத் திரும்ப எடுக்க மறந்துவிட்டான்.

அடுத்த பாட்டு ஆண்குரல் தனியாகத் தொடங்குகிற பாட்டு. அப்படிப்பட்ட பாட்டு என்றால் பாடகருக்கு மட்டும் கேட்கிற மாதிரி நான் சுருதியை ஒரு தடவை தொட்டுக் காட்டுவேன், அது எங்கள் பழக்கம். புதுக் கீபோர்டு வந்த பிறகும் அவர் என்னைத்தான் பார்த்தார். காட்டினேன். சரியான கட்டையில் எடுத்தார். இரண்டு வரி பாடினதும் எல்லோரும் சேர்ந்துகொண்டோம், கீபோர்டு அரைக் கட்டை கீழே போய் விழுந்தது. அய்யோ, பந்தலே முகத்தைச் சுளித்தது.

அண்ணா யாரைப் பார்த்தார்? என்னைத்தான். மேடையில் எது கோணலாகப் போனாலும் பேஸின் தலையில்தானே விடிகிறது! நிறுத்து என்று கை காட்டினார். இன்னொரு தடவை, கோபமாகக் காட்டினார்.

நான் நிறுத்தவில்லை. கீபோர்டின் சுருதிக்குப் போகவும் இல்லை. போவது சுலபம், ஒரு கட்டம் நகர்ந்தால் போதும். ஆனால் பாடுகிறவர் நான் கொடுத்த சுருதியை நம்பித் தொடங்கியிருக்கிறார், அவரை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போவேனா? பாக்ஸில் சத்தத்தை ஏற்றினேன். தம்பி பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டான். சரணம் முழுக்கக் குரல், ட்ரம்ஸ், பேஸ், வேறொன்றும் இல்லை. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் முதல்முறையாகப் பாடகரை விட்டுவிட்டு என் விரலைப் பார்த்தார்கள். தம்பி அதற்குள் பொத்தானைக் கண்டுபிடித்து, கடைசிப் பல்லவிக்குச் சரியாக வந்து சேர்ந்துகொண்டான்.

பாட்டு முடிந்ததும் அண்ணா மைக்கைப் பிடித்தார். பேஸ் கிடாரில் ஒரு சின்னத் தவறு நடந்துவிட்டது, ரசிகர்கள் மன்னிக்க வேண்டும் என்றார்.

கூட வாசிக்கிறவனை மேடையில் காட்டிக்கொடுக்கக் கூடாது, அது எனக்கும் தெரியும். ஆனால் என் வாசிப்பின் மேல் பொய்ப் பழி போடவும் விடமாட்டேன். பாடகரின் மைக்குக்குப் போனேன்.

"தப்பு பேஸ்ல இல்லீங்க. பல்லவியை மறுபடி வாசிக்கறேன், நீங்களே கேட்டுச் சொல்லுங்க."

பாடகர் பல்லவியை எடுத்தார். நாங்கள் இரண்டு பேர் மட்டும். முடிந்ததும் ஜனங்கள் கை தட்டினார்கள், அண்ணாவின் முகத்தில் ஈயாடவில்லை.

ப்ரோக்ராம் முடிந்து மேடையை விட்டு இறங்கியதும், மைக்கைப் பிடுங்கிப் பேசுகிற ஆள் எனக்கு வேண்டாம், இனிமேல் வராதே என்றார் அண்ணா. வித்தியாசம் தெரிந்ததா என்று கேட்டேன். மைக்செட்காரரைக் கூப்பிட்டுக்கொண்டே நகர்ந்துவிட்டார். அது போதும் எனக்கு. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் பாக்ஸைத் தூக்கினோம். அன்றைக்கு அவள் திட்டவில்லை.

ஏழெட்டு மாதம் எந்த மேடையும் இல்லை. ஆனாலும் தினமும் வேலை விட்டு வந்து ஒரு மணி நேரம் வாசித்தேன். யாருக்காக என்று கேட்டவர்களுக்கு, எனக்காக என்று சொன்னேன். அழுகை வந்த நாட்களும் உண்டு, அழுதுகொண்டே வாசித்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கீபோர்டுத் தம்பி வீட்டு வாசலில் வந்து நின்றான். அண்ணாவை விட்டு வந்துவிட்டானாம், சொந்தமாக ஆர்கெஸ்ட்ரா தொடங்குகிறானாம். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. அன்றைக்கு அவன் வாயைத் திறக்காமல் நின்றதை நான் மறக்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"பேஸ் என் லெஃப்ட் ஹேண்டே குடுக்கும்க்கா. ஆனா நான் தப்பு பண்ணும்போது அதுவும் என் கூடவே தப்பு பண்ணும். நிறுத்தாத ஆளு ஒண்ணு வேணும்."

வருகிறேன் என்று நான் சொல்லவில்லை. முதல் பாட்டு எந்தக் கட்டையில் என்று கேட்டேன்.