சீசன் பாலும் சர்க்கார் விலையும்

பால் சங்கத்துக் காரியதரிசியைக் காலையில் கறக்கிறவன் திட்டுவான், சாயங்காலம் குடிக்கிறவன் திட்டுவான். நடுப்பகலில் திட்டுவதற்கென்று மேலதிகாரி பஸ் ஏறி வருவார். காப்பிக்குப் பால் கிடைக்காமல் வெறும் செம்போடு வீடு திரும்பியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும். ஐம்பதுகளின் கடைசியில், மேலகரம் பக்கத்தில் ஒரு சங்கத்தில் காரியதரிசியாக நான் பட்ட பாடு இது.

சாரல் விழுந்தது

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்கள் சங்கத்தில் பால் வற்றிவிடும். எருமைகளுக்கு ஒரு குறையும் இல்லை. சோமையா என்ற வியாபாரி ரோட்டு முக்கில் வண்டியை நிறுத்திக் கேன்களோடு காத்திருப்பார். லாட்ஜுகளுக்கெல்லாம் பால் ஊற்றுகிறவர் அவர். சர்க்கார் எங்களுக்கு வைத்த விலை வருஷம் முழுக்க ஒன்றுதான். அவர் சீசனில் அதற்கு மேலே எவ்வளவோ கொடுப்பார். சங்கம் வாங்கிக்கொடுத்த பருத்திக்கொட்டையை எருமைக்குப் போட்டுவிட்டு, எங்கள் வாசலைத் தாண்டியே அந்த முக்குக்குப் போவார்கள் எங்கள் உறுப்பினர்கள்.

நாலு எருமை வைத்திருந்த இசக்கிமுத்துவை ஒரு நாள் மறித்தேன். "சர்க்கார் விலைக்குத்தான் ஊத்துவேன்னு சொல்லித்தான வே சங்கத்துல சேர்ந்தீரு?" என்றேன். தூக்குவாளியைக் கை மாற்றிக்கொண்டு அவர் சொன்னார்:

"சர்க்காருக்குப் பால் வேணும்னா சர்க்காரே ஒரு எருமை வாங்கிக் கறந்துக்கிடட்டும், அண்ணாச்சி."

பாயசம்

தென்காசியில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்கு நாங்கள்தான் பால் கொடுத்துவந்தோம். அந்த ஆடியில் அரைக் கேன்தான் தேறியது. தாய்ப்பால் இல்லாத பிள்ளைகளுக்கு அதைக் கொடுத்துவிட்டு, பிள்ளை பெற்றவர்களுக்குக் கஞ்சி என்று முடிவாயிற்று. எனக்கு மனசு கேட்கவில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு குற்றாலம் போனேன்.

லாட்ஜின் பின்கட்டில் சோமையா அண்டாவில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார். அருவியில் குளித்துவிட்டுப் பசியோடு வரப்போகிற ஒரு கோஷ்டிக்குப் பாயசமாம். ஆஸ்பத்திரி விஷயத்தைச் சொல்லி ஒரு கேன் கேட்டேன். "பாவந்தான்" என்றார். ஊற்றுகிற கை மட்டும் நிற்கவில்லை. வெறுங்கேனோடு திரும்பிய என்னை ஆஸ்பத்திரி ஆயா ஏற இறங்கப் பார்த்தாள்:

"குளிக்க வந்தவனுக்குப் பாயாசம், பெத்துக் கெடக்கவளுக்கு நீத்தண்ணி. நல்லாருக்குய்யா உங்க நியாயம்!"

விசாரணை

பால் ஏன் குறைந்தது என்று விசாரிக்க மேலதிகாரி வந்தார். இந்தக் கவலை அவருக்குச் சாரல் காலத்தில்தான் வரும். குடும்பத்தோடு வந்தார், எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றார், லாட்ஜில் காப்பி குடித்தார். துண்டால் தலையைத் துவட்டியபடி என்னைக் கேட்டார்:

"இங்கே இவ்வளவு கெட்டிப் பால் கிடைக்கிறதே, உம்ம சங்கம் இதை வாங்கினால் என்ன?"

திரும்பி வந்த பால்

சீசன் முடிந்து லாட்ஜுகள் காலியாயின. அதற்குள் மழை பெய்து, புல் முளைத்து, எருமைகள் கன்று போட்டு, ஊரெல்லாம் பால். சோமையா முதலில் பாதி விலை என்றார். பிறகு வண்டியே வரவில்லை. ரோட்டு முக்கில் வெயில் ஏறும்வரை காத்திருந்துவிட்டு, இசக்கிமுத்துவும் அவர் மனைவி பேச்சியும் எங்களிடம் வந்தார்கள். எங்கள் சங்கத் தலைவர் அவர்களை உள்ளேயே விடவில்லை. சீசனில் கைவிட்டவன் பாலைச் சங்கம் தொடாது என்று சொல்லிவிட்டார். நான் பரிந்து பேசியும் கேட்கவில்லை. இசக்கிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். பேச்சி குனியவில்லை:

"அதிக வெல தந்தவன் ஓடிட்டான், கொறஞ்ச வெல தாரவுக கதவச் சாத்துதீய. கறந்த பாலத் திரும்ப மடிக்குள்ளயா ஊத்த முடியும்?"

செங்கோட்டை ரோடு

கார்த்திகையில் செங்கோட்டை ரோட்டில் மலையாளத்துக்கு அடிமாடு ஓட்டிப்போனார்கள். பால் விலைபோகாமல் இசக்கிமுத்து விற்ற எருமைகள் மூன்று அந்தக் கூட்டத்தில் இருந்தன. கன்றுகளைக் கயிற்றில் பிடித்தபடி அவர் ரோட்டோரம் நின்றிருந்தார். கன்றுகள் இழுத்துக்கொண்டு கத்தின. எருமைகள் நின்று நின்று திரும்பிப் பார்த்தன. "கறவை எருமையப் போயி வெட்டக் கொண்டுபோறீரே" என்று ஓட்டிப்போன மலையாளத்தானிடம் நான் சண்டைக்குப் போனேன். அவன் கம்பைத் தட்டினான்:

"பால் நிங்களே குடிச்சோளீன், எனக்கு இறைச்சி மதி, அது போதும்."

மறு சாரல்

அவரைப் போலவே பலரும் விற்றுவிட்டார்கள். அடுத்த சாரலில் சோமையா எவ்வளவு கொடுத்தும் பால் கிடைக்கவில்லை. லாட்ஜுக் காப்பி கருத்துப்போனது. "சர்க்காருக்குப் பால் விலையில் என்ன வேலை?" என்று அதுவரை முழங்கிய லாட்ஜுக்காரர்களே சர்க்காரிடம் மனுக் கொடுத்தார்கள். கடைசியில் உத்தரவு வந்தது: லாட்ஜுகள் சங்கத்தில்தான் வாங்க வேண்டும், எல்லாருக்கும் ஒரே விலை, மழைக்காலத்தில் எவ்வளவு பால் வந்தாலும் சங்கம் திருப்பி அனுப்பக் கூடாது, மிஞ்சினால் நெய்யாக உருக்க வேண்டும்.

தலைவர் முணுமுணுத்துக்கொண்டே கதவைத் திறந்தார். மிச்சமிருந்த ஒற்றை எருமையின் பாலோடு முதல் ஆளாக வந்தவர் இசக்கிமுத்து. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே அவர் ரோட்டு முக்கில் சோமையாவின் ஆளுக்குத் திருட்டுத்தனமாகப் பால் ஊற்றுவதைப் பார்த்தேன். என்னைக் கண்டும் அவர் பதறவில்லை:

"காலப் பாலு சங்கத்துக்குத் தந்தாச்சுல்லா. நாள் முச்சூடும் நல்லவனா இருக்க முடியுமா, அண்ணாச்சி?"

பாலுக்குச் சர்க்கார் ஏன் விலை வைக்கிறது என்று இன்று யார் கேட்டாலும், கறக்கிறவன், விற்கிறவன், குடிக்கிறவன் ஆகிய எங்கள் மூவரிடமிருந்தும் எருமையைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிவிடுகிறேன்.