தாண்டும்வரை நிற்கும் கார்

அலுவலகத்தில் அவனுக்கு 'ஒருவேளை' என்று பட்டப்பெயர். சாலை விதிகளை, ஓட்டுநர் இல்லாமல் ஓடும் காருக்கு விளங்கும் தர்க்கமாக எழுதித் தருவது வேலை. நடந்து போகிறவருக்கு வழிவிடு என்றால் மனிதருக்குப் போதும். காருக்கு, எங்கே நிற்பவருக்கு, எதுவரைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும். "ஒருவேளை அவங்க பாதி வழியில செருப்பத் தேடித் திரும்பினா?" என்று கேட்டே மற்றவர்கள் உயிரை வாங்குவான்.

அவனுடைய அக்கா தையல் பள்ளியில் ஆசிரியை. முன்பு ஒரு பைக் மோதிக் கால் முறிந்தது. எலும்பு சேர்ந்துவிட்டது, சாலையோரம் நின்றால் மட்டும் கால் மரத்துப்போகும். பள்ளி வீட்டுக்கு எதிர்ப்புறம்தான். தினமும் தம்பிதான் கையைப் பிடித்துக் கூட்டிப்போவான். திங்கள் முதல் அவனுக்கு அதிகாலை வேலை என்றானதும், "நான் வேலைய விட்டு நின்னுடறேன்டா" என்றாள், துணியை மடித்துக்கொண்டே, வீட்டில் உப்பு தீர்ந்துவிட்டது என்பதுபோல.

அவன் தன் குழுத்தலைவியிடம் கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை அவளை, அந்தக் கார்களை ஓட்டிப்பார்க்கும் சோதனைத் தடத்துக்கு அழைத்துப்போனான்.

வெள்ளைக் கோட்டருகே அவள் நின்றாள். காருக்குள் ஒருவர், அவசரத்துக்கென்று பிரேக்கில் காலை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். கார் தானாக வந்து, தள்ளியே நின்றது. அக்கா பழக்கதோஷத்தில் 'நீ போ' என்று கையசைத்தாள். அது அசையவில்லை.

"என்னடா, சொல்லச் சொல்ல நிக்குது?"

"கையாட்டினா அதுக்குப் புரியாதுக்கா. நீ தாண்டற வரைக்கும் நிக்கணும்னு எழுதியிருக்கேன். தாண்டாமலே நின்னா என்ன பண்ணணும்னு எழுதல. மறந்துட்டேன்."

பக்கத்தில் நின்ற குழுத்தலைவி தலையில் அடித்துக்கொண்டார். "ஊர்ப்பட்ட சந்தேகம் கேட்பியே, இதக் கேக்கலயா? சும்மா வேடிக்கை பாக்கறவனுக்கெல்லாம் வண்டி தவம் கிடக்குமே."

அவன் காதெல்லாம் சிவந்தது. அக்கா காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாரன் இல்லை, உறுமல் இல்லை. கண்ணாடியை இறக்கி, வீட்ல சொல்லிட்டு வந்தியா என்று யாரும் கேட்கவில்லை.

"நான் போகாட்டி?"

"நிக்கும்."

"மழை பெஞ்சா?"

"நிக்கும்க்கா."

கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவன் பக்கத்தில் வரப்போனான்.

"நீ அங்கயே நில்லு."

ஓரடி வைத்துக் காரைப் பார்த்தாள். இன்னும் ஓரடி. நடுவில் கால் மரத்தது. அங்கேயே நின்று, அவசரமில்லாமல் முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். கார் காத்திருந்தது. மறுபுறம் ஏறிய பிறகுதான் அது நகர்ந்தது.

அவன் மூச்சு விட்டான்.

"மேடம்," என்று அக்கா அங்கிருந்தே கூப்பிட்டாள். "இன்னிக்கு மட்டும் அதத் திருத்தாதீங்க. திங்கக்கிழமை நான் தனியாப் போகணும், இன்னும் நாலு தடவ தாண்டிப் பழகிக்கறேன்."

குழுத்தலைவி காரைத் திரும்ப வரச் சொன்னார்.