ஒருமுறை கேட்கிற ஊர்

தாணம்மாளுக்கு எதையும் முதலில் வேண்டாம் என்று சொல்லித்தான் பழக்கம். தோவாளையில் பிச்சிப்பூ பயிரிடும் அவள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான். விருந்தாளியாகப் போன வீட்டில் எதைக் கொடுத்தாலும் இரண்டு தரம் மறுக்க வேண்டும். மூன்றாம் தரம் வற்புறுத்தினால் கை நீட்டலாம். கேட்டவுடன் எடுத்துக்கொள்கிற பெண்ணை அவள் அம்மா தீனிக்கு அலைகிற 'கொதிச்சி' என்று ஏசுவாள்.

1954இல் நானும் தாணம்மாளும் குலசேகரத்துக்குப் பக்கத்தில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சுகள். ஒரே அறை. குறைமாதத்தில் பிறக்கிற குழந்தைகள் எங்கள் வார்டில் பிழைப்பது அபூர்வம். தன் ஊரில் அவற்றை வளர்த்தெடுக்கிறார்கள் என்று ஜெர்மனிக்காரரான எல்ஸா சிஸ்டர் ஒருநாள் சொன்னார். அந்தப் பயிற்சிக்கு இங்கிருந்து ஒருத்தியை அனுப்பப் போகிறார்கள் என்றும் சொன்னார். அன்றே தாணம்மாள் அவரிடம் ஜெர்மன் படிக்கத் தொடங்கினாள்.

சிஸ்டர் புத்தகம் எடுப்பதில்லை. பழத்தை வைத்துத்தான் பாடம். பச்சைப்பிள்ளைக்கும் மட்டி வாழைப்பழம் கொடுப்போம் என்று தாணம்மாள் திக்கித்திக்கிச் சொல்வாள். சிஸ்டர் ஊரில் பிள்ளைகளுக்கு ஆப்பிளைத் துருவிக் கொடுப்பார்களாம். செந்துளுவன் வாழைப்பழத்தைச் சிஸ்டர் கத்தியும் முள்கரண்டியுமாகத் தின்றதைப் பார்த்து அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். எண்ணெய் தடவாமல் பலாச்சக்கையைப் பிளந்து சிஸ்டர் கையெல்லாம் பசையாக்கிக்கொண்ட அன்று, தேங்காயெண்ணெய் விட்டு ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டாள். விரல்களின் ஜெர்மன் பெயர்கள் அப்படித்தான் அவளுக்கு வந்தன.

ஒருமுறை சிஸ்டரின் ஊரிலிருந்து உலர்ந்த ஆப்பிள் வந்தது. டப்பாவை நீட்டினார். தாணம்மாள் வேண்டாம் என்றாள். அவர் மூடி வைத்துவிட்டார். அறைக்கு வந்ததும் தாணம்மாள் என்னிடம் குறைப்பட்டாள்.

"ஒருதரம் கேட்டுட்டு மூடிட்டாவ, ஏட்டி."

"நீதானே வேண்டாம்னே?"

"சொல்லுவோம்லா. அதுக்காக மூடுவாவளா?"

நான் சிஸ்டரிடம் இதைச் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்தார். டப்பாவைத் திறந்து, விரல் விட்டு எண்ணி மூன்று தரம் கேட்டார்.

மாசியில், ஆள் தேர்ந்தெடுக்க ஜெர்மனியிலிருந்து ஒரு டாக்டர் வந்தார். வராந்தாவில் தாணம்மாளிடம் நன்றாகவே பேசினார். கடைசியில், எங்கள் நாட்டுக்கு வருகிறாயா என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டு, வேண்டாம், என்னைவிட மூத்தவர்கள் இருக்கிறார்கள் என்றாள். அவர் தலையசைத்து நோட்டை மூடினார்.

மத்தியானம்வரை அவள் வராந்தாப் பக்கமே வேலை பார்த்தாள். அவர் கூப்பிடவில்லை. நாலு மணிக்கு அவருடைய கார் புறப்படும். அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அவரு இனிக் கேக்க மாட்டாரு, இல்லியா?"

மாட்டார் என்றேன்.

 பிறகு எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

டாக்டரும் சிஸ்டரும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். வாசற்படியில் நின்றபடியே தாணம்மாள் ஜெர்மனில் சொன்னாள்: "ஐயா, எங்க ஊர்ல முதல்ல சொல்ற வேண்டாம், வேண்டாம் இல்லை. தயவுசெய்து இன்னொருதரம் கேளுங்க." ஒரு சொல்லும் தப்பவில்லை.

டாக்டர் சிஸ்டரைப் பார்த்தார். சிஸ்டர் எதையும் விளக்கவில்லை. எண்ணெய் மினுங்கும் கையால் சக்கைச்சுளைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்கோ, தாணம்மா."

ஒருமுறைதான் சொன்னார். தாணம்மாள் எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் நோட்டைத் திறந்து மறுபடி கேட்டார். அவர் முடிப்பதற்குள் அவள் 'யா' என்றாள், வாயில் சுளையோடு.