செருப்பில் சிக்கிய கல்

விமானப்படைத் தளத்தில் மாமாவுக்குக் கிளார்க் வேலை. ஊழியர்களின் குடும்பங்களை உள்ளே விடும் நாளொன்றில் அம்மாவையும் என்னையும் கூட்டிப்போனார். வேலம்பாளையத்தில் பஸ் ஏறியதிலிருந்து விமானத்தைத் தவிர வேறெதையும் நான் நினைக்கவில்லை.

உள்ளே முதலில் தென்பட்டது சரளைக்கல்தான். வண்டி நிறுத்துமிடம், நடைபாதை, மரத்தடி எங்கும் சாம்பல் நிறத்தில் பரப்பியிருந்தார்கள். மழைக்குச் சேறாகாமலிருக்க என்றார் மாமா. அது முடியுமிடத்தில் ஒரு மஞ்சள் கோடு. அப்பால் கூட்டித் துடைத்த கான்கிரீட். அதன் கடைசியில் விமானம். கோட்டருகே நின்ற வடநாட்டு வீரர் ஒவ்வொருவரின் செருப்படியையும் பார்த்த பிறகே உள்ளே விட்டார். ஒரு கல் போனாலும் இஞ்சின் உறிஞ்சிவிடுமாம்.

என் செருப்பின் பள்ளத்தில் ஒரு கல் சிக்கியிருந்தது. அம்மா சேலை ஊக்கைக் கழற்றி நெம்பினார். கல் வந்துவிட்டது, ஊக்கின் முனை ஒடிந்துவிட்டது. அம்மா அங்கேயே முட்டிபோட்டுத் தேடத் தொடங்கினார்.

"ஏனுங்க்கா, இந்தக் கல்லுக்குள்ள எங்க போய்த் தேடறது? எந்திரிங்க, லைன் நிக்குது" என்றார் மாமா.

"நிக்கட்டும். முனை கெடைக்கோணும்."

"புது ஊக்கே வாங்கித் தாறனுங்க, வழிய உடுங்க" என்றார் பின்னால் நின்றவர். சிலர் சிரித்தார்கள். பார்வை நேரம் முடியப்போவதாக ஒலிபெருக்கி சொன்னது. எனக்கு அழுகை வந்தது.

மாமா தயங்கித் தயங்கி இந்தியில் விளக்கினார். திட்டு விழும் என்று நினைத்தேன். வீரர் கையுயர்த்தி வரிசையை நிறுத்திவிட்டு, தானும் குனிந்து தேடினார்.

முனை என் செருப்பிலேயே இருந்தது, ரப்பரில் குத்தியபடி. அம்மா இரண்டு துண்டுகளையும் உள்ளங்கையில் வைத்துப் பொருத்திப் பார்த்தார். "சரியா இருக்குதுங்க" என்று வீரரிடம் தமிழிலேயே காட்டினார். அவர் தலையசைத்து வழிவிட்டார்.

விமானத்தின் சக்கரத்தை நான் தொட்டுப் பார்த்தேன். அம்மா மூச்சை நீளமாக விட்டுச் சிரித்தார். விமானம் அவ்வளவு பிடித்துவிட்டது என்று எண்ணிக்கொண்டேன்.

அம்மா பனியன் கம்பெனியில் டெய்லர். ஊசி ஒடிந்தால் கடைசித் துண்டுவரை கிடைத்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். முந்தின வாரம் அவர் மெஷினில் ஒடிந்த முனை கிடைக்கவேயில்லை. எந்தச் சட்டைக்குள் இருக்கிறதோ என்று, அனுப்பவிருந்த குழந்தைச் சட்டைகள் மொத்தமும் நின்றுபோயின. அம்மாவை இனி வேலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விமானம் காட்டத்தான் எனக்காக லீவு போட்டிருக்கிறார் என்று நான் நினைத்திருந்தேன்.